அமெரிக்காவில் மனநல ஆலோசகராகப் படிக்க நினைப்பவருக்கு

கேள்வி கேட்டவர் சொன்னது சுருக்கமாக இது: இந்தியாவில் பி.இ. முடித்தவர். சில வருடம் சாஃப்ட்வேர் வேலை பார்த்துவிட்டு இப்போது அமெரிக்காவில் இருக்கிறார். மனநல ஆலோசகராக வேண்டும் என்று ஆசை. சைக்காலஜி படிக்காதவருக்கு இடம் கிடைக்குமா, மொத்தம் எத்தனை வருடம் ஆகும், முதுநிலைப் படிப்பில் அப்படி என்னதான் சொல்லித் தருகிறார்கள் என்று கேட்கிறார். "நான் நன்றாகக் காது கொடுத்துக் கேட்பேன் என்று நண்பர்கள் சொல்கிறார்கள், அது போதாதா?" என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறார். நான் இங்கே உரிமம் பெற்ற ஆலோசகராக வேலை செய்கிறேன், பயிற்சி மாணவர்களுக்கு மேற்பார்வையும் செய்கிறேன். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதத் தோன்றியது.

இடம் கிடைக்கும். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் எந்தப் பாடத்தில் இளநிலைப் பட்டம் வாங்கியிருந்தாலும் ஏற்றுக்கொள்கின்றன. சில இடங்களில் புள்ளியியல், பிறழ்நிலை உளவியல் மாதிரி ஒன்றிரண்டு பாடங்களை முன்னாலேயே முடித்துவிட்டு வரச் சொல்வார்கள். கம்யூனிட்டி காலேஜில் முடித்துக்கொள்ளலாம். இந்தியப் பட்டத்தை இங்கத்திய கணக்கில் மதிப்பிட்டுத் தருவதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. அந்தச் சான்றிதழ் கைக்கு வர நாளாகும் என்பதால் அந்த வேலையை முதலில் ஆரம்பித்துவிடுங்கள். ஜிஆர்இ நுழைவுத் தேர்வு மதிப்பெண் கேட்காத இடங்களும் நிறைய இருக்கின்றன. அவர்கள் கூர்ந்து பார்ப்பது உங்கள் விண்ணப்பக் கட்டுரையையும் நேர்காணலையும்தான். பல இடங்களில் நேர்காணல் குழுவாக நடக்கும். சில பேரை ஒன்றாக உட்கார வைத்து ஏதாவது ஒரு சிக்கலைப் பேசச் சொல்வார்கள். அடுத்தவர் பேசும்போது நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பதை ஆசிரியர்கள் குறித்துக்கொண்டிருப்பார்கள்.

கால அளவைப் பொறுத்தவரை ஒரு விஷயத்தை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். பட்டம் வாங்குவது பாதி வழிதான். முதுநிலைப் படிப்பு பொதுவாக 60 கிரெடிட். முழுநேரமாகப் படித்தால் இரண்டரை வருடத்திலிருந்து மூன்று வருடம், வேலை பார்த்துக்கொண்டே படித்தால் நான்கு வருடமாவது ஆகும். அதற்குப் பிறகு மேற்பார்வையின் கீழ் வேலை செய்து மணிக்கணக்கைச் சேர்க்க இன்னும் இரண்டு வருடமோ அதற்கு மேலோ ஆகும். ஆக, இன்றைக்குத் தொடங்கினால் முழு உரிமத்தோடு தனியாக உட்கார ஐந்து ஆறு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடப் படிப்பு என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் நடுவழியில் சோர்ந்துபோகிறார்கள்.

பெயர்க் குழப்பம் ஒன்று இருக்கிறது, அதையும் தீர்த்துவிடுவோம். மருந்து எழுதுகிற சைக்கியாட்ரிஸ்ட் மருத்துவம் படித்தவர். சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ளப் பொதுவாக முனைவர் பட்டம் வேண்டும். முதுநிலைப் பட்டத்தோடு சிகிச்சை தரக்கூடியவர்கள் மூன்று வகை: ஆலோசகர்கள், சமூகப் பணி படித்தவர்கள், தம்பதி மற்றும் குடும்ப சிகிச்சையாளர்கள். அறைக்குள் நடக்கிற வேலை மூன்று பேருக்கும் பெரும்பாலும் ஒன்றுதான். படிப்பும் உரிமமும்தான் வேறு. ஆலோசகருக்கான உரிமத்தின் பெயரே மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் எல்பிசி, நியூயார்க்கில் எல்எம்எச்சி, கலிஃபோர்னியாவில் எல்பிசிசி. 1976-இல் வர்ஜீனியா முதன்முதலில் ஆலோசகர்களுக்கு உரிமச் சட்டம் கொண்டுவந்தது. கடைசியாக வந்து சேர்ந்தது கலிஃபோர்னியா, 2009-இல். இப்படி ஐம்பது மாநிலங்களும் தனித்தனியாகச் சட்டம் போட்டுக்கொண்டதால்தான் இன்றைக்கும் விதிகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நிற்கின்றன.

அந்தக் குழப்பத்தில் ஓரளவு கைகொடுப்பது கேக்ரெப் என்கிற அங்கீகார அமைப்பு. 1981-இல் தொடங்கியது. ஆலோசகர் படிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று தரவிதிகள் வகுத்து, அதன்படி நடக்கும் படிப்புகளுக்கு அங்கீகாரம் தருகிறது. ஒஹாயோ, வட கரோலினா போன்ற மாநிலங்கள் உரிமத்துக்கு இந்த அங்கீகாரத்தையே பொதுவாக எதிர்பார்க்கின்றன. மற்ற மாநிலங்களில் கட்டாயம் இல்லாவிட்டாலும், அங்கீகாரம் உள்ள இடத்தில் படித்தவருக்கு உரிம வாரியத்தில் வேலை சுலபமாக முடியும். இல்லாதவர் ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் தேடி எடுத்து, இது அதற்குச் சமம் என்று நிரூபிக்க வேண்டியிருக்கும். கணவருக்கோ மனைவிக்கோ வேலை மாறினால் மாநிலம் மாற வேண்டிய குடும்பம் என்றால் அங்கீகாரம் இல்லாத படிப்பின் பக்கமே போகாதீர்கள். ஆன்லைன் படிப்புகளிலும் அங்கீகாரம் பெற்றவை உண்டு. ஆன்லைன் என்பதற்காக ஒதுக்கவும் வேண்டாம், கட்டணம் குறைவு என்பதற்காகச் சேரவும் வேண்டாம்.

இனி பாடங்கள். தொழில் நெறி, பண்பாட்டு வேறுபாடுகள், வாழ்நாள் வளர்ச்சி, தொழில் வழிகாட்டல், ஆலோசனை உறவும் திறன்களும், குழு ஆலோசனை, மதிப்பீடும் நோயறிதலும், ஆராய்ச்சி என்று எட்டுப் பகுதிகளை எல்லோரும் படித்தாக வேண்டும். இவற்றில் பலவற்றைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நீங்களே படித்துவிடலாம். பொறியியல் படித்தவருக்குப் புள்ளியியலும் ஆராய்ச்சி முறைகளும் பயமுறுத்தாது. நோயறிதலுக்கு, மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் டிஎஸ்எம் கையேட்டை வைத்துக்கொண்டு ஒரு செமஸ்டர் உட்கார வேண்டும்; இப்போது புழக்கத்தில் இருப்பது 2022-இல் வந்த திருத்தப் பதிப்பு. காப்பீட்டு நிறுவனம் பணம் தர வேண்டுமானால் ஒரு நோய்ப்பெயரும் அதற்கான குறியீடும் கேட்கும் என்பதால் இந்தப் பாடத்தைத் தவிர்க்க முடியாது. வந்திருப்பவர் இரண்டு வாரமாகத் தூங்கவில்லை என்கிறார் என்றால் அது மனச்சோர்வா, பதற்றமா, இறப்புத் துயரமா, தைராய்டு கோளாறா என்று பிரித்துப் பார்க்கிற பழக்கம் அங்கேதான் வரும். கடைசியாகச் சொன்ன தைராய்டை மறந்துவிடாதீர்கள். உடம்பைப் பரிசோதிக்காமல் எல்லாவற்றையும் மனசின் கணக்கில் எழுதிவிடுவது புதிதாகப் படிப்பவர்களுக்கு எளிதில் வரும் பழக்கம்.

தொழில் நெறிப் பாடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விதிகளை மனப்பாடம் செய்கிற வகுப்பு என்று நினைத்து மாணவர்கள் அலட்சியமாக வருவார்கள். இந்தப் பாடத்தில் அநேகமாக எல்லோருமே படிக்கும் வழக்கு ஒன்று உண்டு. 1969-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், இந்தியாவிலிருந்து வந்திருந்த ஒரு மாணவர், தனக்குச் சிகிச்சை தந்த உளவியலாளரிடம் ஒரு பெண்ணைக் கொல்லப் போவதாகச் சொல்லியிருந்தார். உளவியலாளர் வளாகப் போலீஸிடம் தெரிவித்தார். அவர்கள் பிடித்து விசாரித்துவிட்டு, தெளிவாகத்தான் பேசுகிறார் என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணிடமோ அவர் குடும்பத்திடமோ யாரும் சொல்லவில்லை. பிறகு டட்டியானா டரசாஃப் என்கிற அந்தப் பெண்ணை அந்த மாணவர் கொன்றுவிட்டார். குடும்பம் வழக்குப் போட்டது. ஆபத்தில் இருப்பவரைப் பாதுகாக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று 1976-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சரி, அப்படியென்றால் எல்லா மாநிலத்திலும் அதுதானே விதி என்று தோன்றும். இல்லை. 1999-இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம், எச்சரிக்க வேண்டும் என்ற கடமையை இங்கே சுமத்த மாட்டோம் என்று சொல்லிவிட்டது. ஆபத்து என்று பட்டால் அங்கே மருத்துவருக்கோ போலீஸுக்கோ தகவல் சொல்லச் சட்டம் இடம் தருகிறது, கட்டாயப்படுத்தவில்லை. ஒரே வாக்கியம் உங்கள் காதில் விழுகிறது. நீங்கள் எந்த மாநிலத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது மாறுகிறது. இதனால்தான் அந்த வகுப்பில் உங்கள் மாநிலச் சட்டத்தை வரிவரியாகப் படிக்க வேண்டும் என்கிறேன்.

நெறிப் பாடத்தில் இன்னொரு பகுதி உங்களையே தொடும். அமெரிக்க ஆலோசகர் சங்கத்தின் 2014 நெறித்தொகுப்பு, ஆலோசகரின் சொந்த நம்பிக்கைகளை மட்டும் காரணமாக வைத்து ஒருவரை வேறிடத்துக்கு அனுப்பிவிடக் கூடாது என்கிறது. விவாகரத்து தவறு என்று நம்புகிறவர், விவாகரத்து செய்யப்போகும் பெண்ணுக்குத் துணை நிற்க வேண்டியிருக்கும். தன்பால் உறவில் இருக்கும் இளைஞர் தன் காதல் முறிந்ததைப் பற்றி அழுவார். அங்கே உங்கள் கருத்துக்கு இடமில்லை. இது தன்னால் முடியுமா என்று சேர்வதற்கு முன்னாலேயே ஒருவர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். முடியாது என்று தெரிந்தால் அதில் அவமானம் ஒன்றும் இல்லை, வேறு எத்தனையோ நல்ல தொழில்கள் இருக்கின்றன.

இப்போது அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். நன்றாகக் கேட்பவர் என்ற பெயர் நல்ல தொடக்கம். ஆனால் நண்பராகக் கேட்பதில் நாம் செய்கிற பல காரியங்களைப் படிப்பு உங்களிடமிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றும். நண்பர் ஆறுதல் சொல்வார், எனக்கும் இப்படித்தான் நடந்தது என்பார், நீ ஏன் இப்படிச் செய்யக் கூடாது என்று யோசனை தருவார், அழுகை வந்தால் பேச்சை மாற்றுவார். நட்பில் இது எல்லாமே சரிதான், தேவையும்கூட. ஆலோசனை அறையில் இவை பெரும்பாலும், எதிரே இருப்பவரின் வேதனையைப் பார்க்க முடியாமல் நமக்கு வருகிற தவிப்பைக் குறைக்கத்தான் உதவுகின்றன.

அதைக் கழற்றுவது எப்படி? வேறு வழியே கிடையாது, நீங்கள் பேசியதை இன்னொருவர் கேட்க வேண்டும். 1940 வாக்கில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கார்ல் ரோஜர்ஸ் என்கிற உளவியலாளர் செய்த பெரிய காரியம் இதுதான். மூடிய அறைக்குள் நடந்த ஆலோசனையை ஒலித்தட்டில் பதிவு செய்து, மாணவர்களோடு உட்கார்ந்து வரிவரியாகக் கேட்டார். அதற்கு முன்பு, சிகிச்சை தந்தவர் ஞாபகத்திலிருந்து சொன்னதைத்தான் ஆசிரியர் நம்ப வேண்டியிருந்தது. ஞாபகம் எப்போதும் நமக்குச் சாதகமாகவே பேசும். 1960-களின் கடைசியில் ஆலன் ஐவி என்கிற இன்னொரு உளவியலாளர் இதை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனார். ஆலோசனை என்ற பெரிய விஷயத்தைச் சின்னச் சின்னத் திறன்களாகப் பிரித்தார்: கண் பார்த்து அமர்வது, திறந்த கேள்வி கேட்பது, சொன்னதைச் சுருக்கித் திருப்பிச் சொல்வது, உணர்வைப் பெயரிட்டுச் சொல்வது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வீடியோவில் பதிவு செய்து பார்த்துப் பழகும் முறை அவர் காட்டியது. இன்றைக்கும் முதல் வருடத் திறன் வகுப்பு பெரும்பாலும் இந்த வழியில்தான் நடக்கிறது.

எப்படி நடக்கும் என்று ஒரு சின்னத் துண்டைக் காட்டுகிறேன். இது உண்மையான ஒருவருடைய பேச்சு இல்லை, வகுப்பில் அடிக்கடி வருகிற மாதிரியை வைத்து நான் எழுதியது. ஒரு மாணவி ஆலோசகராக உட்கார்ந்திருக்கிறார், இன்னொரு மாணவர் ஆலோசனைக்கு வருபவராக நடிக்கிறார். அவர் சொல்கிறார்: "அப்பா போனதுக்கு அப்புறம் வீட்டுக்கு போன் பண்றதே குறைஞ்சிடுச்சு. அம்மா எடுத்தா என்ன பேசறதுன்னே தெரியல." நாலு வினாடி அமைதி. மாணவி கேட்கிறார்: "அப்பா தவறி எத்தனை நாள் ஆச்சு? அம்மா இப்போ தனியாவா இருக்காங்க?" ஆசிரியர் பதிவை நிறுத்துகிறார். "இந்த இரண்டு கேள்வியும் யாருக்காகக் கேட்டது?" என்கிறார். மாணவி யோசித்து, "அந்த அமைதி எனக்குத் தாங்கல" என்கிறார். அவ்வளவுதான் அன்றைய பாடம். கேள்விகளில் தவறே இல்லை, தகவல் தேவைதான். ஆனால் வந்தவர் அம்மாவோடு பேச முடியாத தவிப்பைத் திறந்து வைத்திருந்தார். பதிலுக்குத் தேதியும் விலாசமும் கேட்டதும் அவர் விவரம் சொல்லத் தொடங்கிவிட்டார், தவிப்பு மூடிக்கொண்டது. திரும்ப நடித்துப் பார்க்கும்போது மாணவி நாலு வினாடிக்குப் பதில் பத்து வினாடி பொறுத்தார். பிறகு, "அம்மா குரலைக் கேட்கும்போது சொல்ல வேண்டியது நிறைய இருக்கு, எதுவும் வெளியே வர மாட்டேங்குது" என்று மட்டும் சொன்னார். எதிரே இருந்தவர், நடிப்புதான் என்றாலும், சற்று நேரம் தலை குனிந்து உட்கார்ந்துவிட்டு, "அப்பா எப்படி இறந்தார்னு அம்மா இன்னும் என்கிட்ட முழுசா சொல்லல" என்றார். எந்தக் கேள்விக்கும் வராத பதில் அது.

இந்த மாதிரி திருத்தம் ஒரு செமஸ்டர் முழுக்க நடக்கும். தன் குரலைத் தானே கேட்பதும், பத்துப் பேர் முன்னால் அது நிறுத்தி நிறுத்தி ஆராயப்படுவதும் முதல் சில வாரங்களில் மிகவும் கஷ்டமாக இருக்கும். படிப்பின் மற்ற எல்லாப் பகுதியையும்விட இதுதான் உங்களை மாற்றும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆகவேதான் எந்தப் பல்கலைக்கழகம் என்று என்னைக் கேட்பவர்களிடம் தரவரிசையைப் பார்க்காதே, உன் பதிவுகளை யார் கேட்கப்போகிறார்கள், எத்தனை முறை கேட்கப்போகிறார்கள் என்று விசாரி என்கிறேன்.

திறன் வகுப்பு முடிந்ததும் பிராக்டிகம் என்கிற முதல் கட்டக் களப்பயிற்சி. கேக்ரெப் கணக்குப்படி குறைந்தது 100 மணி நேரம். அதில் 40 மணி நேரம் நிஜமான மனிதர்களோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு இன்டர்ன்ஷிப், 600 மணி நேரம். அதில் 240 நேரடி ஆலோசனை. வாரத்துக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் தனி மேற்பார்வை, ஒன்றரை மணி நேரம் குழு மேற்பார்வை. இந்த இரண்டில் ஏதாவது ஒரு கட்டத்தில் குழு ஆலோசனை ஒன்றையும் நடத்த வேண்டும். 700 மணி நேரத்தில் 280 மட்டும்தான் நேரடி வேலை என்றால் மிச்சம் எங்கே போகிறது என்று கேட்பீர்கள். குறிப்பு எழுதுவதில், சிகிச்சைத் திட்டம் போடுவதில், பள்ளிக்கும் மருத்துவருக்கும் போன் செய்வதில், வராமல் போனவர்களுக்காகக் காத்திருப்பதில், மேற்பார்வையில். இதுதான் வேலையின் உண்மையான முகமும். ஒரு மணி நேரம் பேசினால் அதைப் பத்து வரியில், நாளைக்கு நீதிமன்றம் கேட்டாலும் காட்டக்கூடிய விதத்தில், அதே சமயம் வந்தவரின் அந்தரங்கம் தேவைக்கு மேல் வெளியே வராமல் எழுதப் பழக நிறைய நாள் பிடிக்கும்.

இன்டர்ன்ஷிப் இடங்கள் பலவகை: சமுதாய மனநல மையம், போதை மீட்பு நிலையம், கல்லூரி ஆலோசனை மையம், மருத்துவமனை, தனியார் கிளினிக். அநேகமாக எல்லாமே சம்பளம் இல்லாதவை. ஒரு வருடம் வாரத்துக்கு 15, 20 மணி நேரம் காசில்லாமல் வேலை செய்ய வீட்டு வரவுசெலவு இடம் கொடுக்குமா என்பதை இப்போதே உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அழகான தனியார் கிளினிக்கைவிட, கூட்டம் அதிகமுள்ள சமுதாய மையத்தை நான் பரிந்துரைப்பேன். வேலை பிழிந்தெடுக்கும். ஆனால் எல்லா வயதினரும், எல்லா வகைத் துன்பமும் அங்கேதான் வரும், பக்கத்து அறையில் அனுபவம் உள்ள யாராவது இருப்பார்கள்.

பக்கத்து அறையில் யாராவது இருப்பது எவ்வளவு முக்கியம் என்பது, ஒருவர் உங்கள் முன்னால் உட்கார்ந்து சாக வேண்டும் போலிருக்கிறது என்று சொல்லும் முதல் நாளில் தெரியும். அந்த நாள் எல்லா மாணவருக்கும் வரும். தற்கொலை எண்ணத்தைப் பற்றி நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்கிற பயம் பரவலாக இருக்கிறது. ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. நேரடியாக, சாதாரணக் குரலில், சுற்றி வளைக்காமல் கேட்கத்தான் பயிற்சி தருவார்கள்: எண்ணம் இருக்கிறதா, வழி யோசித்தீர்களா, அதற்கான பொருள் கையில் இருக்கிறதா, எப்போது செய்வதாக நினைத்தீர்கள். பிறகு அவரோடு சேர்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதுவீர்கள். எந்த அறிகுறி வந்தால் கவனிக்க வேண்டும், தனியாக என்ன செய்து பார்க்கலாம், யாரைக் கூப்பிடலாம், வீட்டில் இருக்கும் மாத்திரையையோ துப்பாக்கியையோ யாரிடம் ஒப்படைக்கலாம் என்று அவர் வாயிலிருந்தே வர வேண்டும். 2022 ஜூலையிலிருந்து அமெரிக்கா முழுக்க 988 என்ற மூன்று இலக்க நெருக்கடி எண் இருக்கிறது, அதையும் தாளில் எழுதிக் கொடுப்பீர்கள். அவரை அறையிலிருந்து அனுப்பும் முன் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். சூப்பர்வைசர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை, போனையும் எடுக்கவில்லை என்றால் அந்த இடம் பயிற்சிக்கு லாயக்கில்லை. சேருவதற்கு முன்னால் இதைக் கேட்டே ஆக வேண்டும்: அவசரம் என்றால் யார் வருவார்கள்?

மேற்பார்வை என்றாலே வேலையைச் சரிபார்க்கும் மேனேஜர் என்று சாஃப்ட்வேர் பின்னணியில் இருந்து வருபவர்கள் எடுத்துக்கொள்வார்கள். நல்ல சூப்பர்வைசர் ஒரு சமயம் ஆசிரியராக நுட்பம் சொல்லித் தருவார், ஒரு சமயம் கூட இருந்து யோசிப்பார், ஒரு சமயம் உங்களுக்குள்ளே என்ன நடக்கிறது என்று கேட்பார். குறிப்பிட்ட ஒருவர் வருகிற நாளில் மட்டும் உங்களுக்குத் தலைவலி வருகிறது என்றால் அதைப் பேச வேண்டிய இடம் அதுதான். எல்லாம் நன்றாகப் போகிறது என்று ஒவ்வொரு வாரமும் சொல்லிவிட்டு வருகிற மாணவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். மாட்டிக்கொண்ட இடத்தை எடுத்து வைப்பவர்கள்தான் வளர்கிறார்கள். நீங்களே ஒரு ஆலோசகரிடம் போய் உட்காருவதையும் நான் வற்புறுத்துவேன். கேக்ரெப் அதைக் கட்டாயமாக்கவில்லை. ஒரு சிறு குழுவில் உறுப்பினராகக் குறைந்தது 10 மணி நேரம் இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. எதிர் நாற்காலியில் உட்காருவது எப்படி இருக்கும் என்று தெரிந்தவர், அமைதியாக இருக்கும் ஒருவரை அவசரப்படுத்த மாட்டார்.

இந்தப் படிப்பில் மதிப்பெண் மட்டும் போதாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எல்லாப் பாடத்திலும் 'ஏ' வாங்கியவரைக்கூட, மக்களோடு வேலை செய்யத் தயாராகவில்லை என்று ஆசிரியர்கள் நிறுத்தி வைக்கலாம். திருத்தத்தை ஏற்றுக்கொள்ளாதவர், ரகசியம் காக்காதவர், தன் துன்பத்தைப் பார்க்க மறுப்பவர் ஆகியோருக்கு முதலில் எழுத்தில் ஒரு திருத்தத் திட்டம் கொடுப்பார்கள். மாறவில்லையென்றால் படிப்பிலிருந்து வெளியேற்றவும் அவர்களுக்கு அதிகாரமும் பொறுப்பும் உண்டு. கடுமையாகத் தெரியலாம். உங்கள் தங்கை ஆலோசனைக்குப் போனால் எப்படிப்பட்டவர் முன்னால் உட்கார வேண்டும் என்று நினைப்பீர்களோ, அதற்காகத்தான் இந்தக் கதவு.

பட்டம் கைக்கு வந்த பிறகு தற்காலிக உரிமம். அதை வைத்துக்கொண்டு மேற்பார்வையின் கீழ் வேலை செய்ய வேண்டியது டெக்சாஸில் 3,000 மணி நேரம், அதில் 1,500 நேரடி ஆலோசனை, 18 மாதத்துக்குக் குறையாமல். கலிஃபோர்னியாவில் 3,000, அதில் 1,750 நேரடி, குறைந்தது 104 வாரம். இந்தக் காலத்தில் சம்பளம் உண்டு, ஆனால் குறைவு. சில இடங்களில் மேற்பார்வைக்கு நீங்களே பணம் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் வேலை ஒப்புக்கொள்ளும் முன் அதைக் கேட்டுவிடுங்கள். தேர்வு இரண்டு வகை. 200 கேள்விகள் கொண்ட என்சிஇ பாட அறிவைப் பார்க்கும். என்சிஎம்எச்சிஇ கேஸ்களைக் கொடுத்து நீங்கள் என்ன செய்வீர்கள் என்று பார்க்கும். உங்கள் மாநிலம் எதைக் கேட்கிறது என்பது அதன் உரிம வாரியத்தின் இணையதளத்தில் இருக்கும்.

வருமானத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2023 மே கணக்கில், போதை மற்றும் மனநல ஆலோசகர்களின் இடைநிலை ஆண்டு ஊதியம் 53,710 டாலர். சாஃப்ட்வேர் சம்பளத்தை விட்டு வருபவருக்கு இது பெரிய இறக்கம். முழு உரிமத்துக்குப் பிறகு தனியாகத் தொடங்கினால் கூடலாம். 2024 ஜனவரி 1 முதல், முக்கியமாக முதியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், ஆலோசகர்களுக்கும் நேரடியாகப் பணம் தருகிறது. வெகுகாலம் இந்தத் தொழில் கேட்டுக்கொண்டிருந்தது இது, முதியவர்களோடு வேலை செய்ய விரும்புபவர்களுக்குப் பெரிய கதவு திறந்திருக்கிறது. ஒரு மாநில உரிமத்தோடு இன்னொரு மாநிலத்தில் பணி செய்ய வழிசெய்யும் ஒப்பந்தத்திலும் 30-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்திருக்கின்றன.

விசா பற்றி நீங்கள் கேட்கவில்லை. நம் ஆட்கள் அதிகம் தடுக்கி விழுவது அங்கேதான் என்பதால் சொல்கிறேன். எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் படிப்பவருக்கு இன்டர்ன்ஷிப்பின்போது சிபிடி என்கிற, படிப்போடு சேர்ந்த வேலைக்கான அனுமதி வேண்டும். படிப்பு முடிந்ததும் கிடைக்கும் ஓபிடி என்கிற வேலை அனுமதி 12 மாதம். பொறியியல் பட்டங்களுக்குக் கிடைக்கிற 24 மாத நீட்டிப்பு மனநல ஆலோசகர் படிப்புக்குக் கிடையாது. 12 மாதம் எங்கே, கலிஃபோர்னியாவின் 104 வாரம் எங்கே? ஓபிடி முடிவதற்குள் மணிக்கணக்கு முடியாது. அதற்குள் உங்களுக்கு விசா எடுத்துத் தரத் தயாராக இருக்கும் நிறுவனம் வேண்டும், ஆலோசனை மையங்களில் அப்படி எடுப்பவர்கள் குறைவு. எச்-1பி விசாவில் வேலை செய்பவரின் கணவர் அல்லது மனைவியாக எச்-4 விசாவில் இருந்தால் படிக்கலாம், ஆனால் வேலை அனுமதி இல்லாமல் பட்டத்துக்குப் பிந்தைய மணி நேரங்களைச் சேர்க்க முடியாது. சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் பற்றிக்கூட, பணம் கட்டும் முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். கிரீன் கார்டோ வேலை அனுமதியோ கையில் இருந்தால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

கடைசியாக, பல்கலைக்கழகங்கள் நடத்தும் அறிமுகக் கூட்டத்தில் கேட்க வேண்டியவை. இன்டர்ன்ஷிப் இடத்தை நீங்கள் ஏற்பாடு செய்து தருவீர்களா, நானே தேட வேண்டுமா? ஆன்லைன் படிப்புகளில் மாணவர்கள் சிக்கிக்கொள்வது இதில்தான். இடம் கிடைக்காமல் ஒரு செமஸ்டர் தள்ளிப்போனவர்களை எனக்குத் தெரியும். என் அமர்வுப் பதிவுகளை ஒரு செமஸ்டரில் எத்தனை முறை ஆசிரியர் கேட்பார், முழுநேர ஆசிரியரா, வெளியிலிருந்து வருபவரா? நான் குடியிருக்கும் மாநிலத்தின் உரிமத் தகுதியை இந்தப் படிப்பு பூர்த்தி செய்கிறதா, எழுத்தில் தருவீர்களா? சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடிக்கிறார்கள், எத்தனை பேர் உரிமத் தேர்வில் தேறுகிறார்கள்? இந்தக் கணக்கை அங்கீகாரம் பெற்ற படிப்புகள் ஒவ்வொரு வருடமும் வெளியிட வேண்டும், அதனால் தயங்காமல் கேளுங்கள். முடிந்தால் இப்போது இன்டர்ன்ஷிப் செய்துகொண்டிருக்கும் மாணவர் ஒருவரின் தொடர்பை வாங்கி, போன வாரம் உன் சூப்பர்வைசர் உன்னோடு எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்று அவரிடம் கேளுங்கள். அந்தப் பதிலை வைத்தே எந்த இடத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று முடிவெடுத்துவிடலாம்.